தோட்டம் தானாகப் பள்ளிக்கூடம் ஆகாது

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போவதில்லை. பெரியவளுக்கு 12 வயது; மூன்றாம் வகுப்பு வரை போனாள். சின்னவனுக்கு 9, அவன் போனதே இல்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மூன்றரை ஏக்கர். மஞ்சள், வாழை, நிலக்கடலை, எள் என்று மாற்றி மாற்றி வைக்கிறோம்.

இயற்கை உழவர் கூட்டங்களுக்குப் போனால் நண்பர்கள் விதையைப் பற்றிக் கேட்பதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "உங்களுக்கென்னங்க, தோட்டம் இருக்கு. பிள்ளைங்க தானா கத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்தத் "தானா" என்ற வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் நிறுத்தினோம் என்றால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. காலை 7 மணிக்கு வேன், திரும்பும்போது இருட்டிவிடும், அப்புறம் வீட்டுப்பாடம், தூக்கம். ஒரு உழவர் வீட்டுப் பிள்ளை வாரத்தில் ஆறு நாள் தன் தோட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் வளர்ந்தது. அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

கடுமையாக எதிர்த்தவர் என் மாமியார். இரண்டாம் வகுப்போடு ஆடு மேய்க்க அனுப்பப்பட்டவர். "நானும் இந்தக் காட்டுலதான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். எந்த மண்ணுக்கு எந்த எள்ளுன்னு சொல்லுவேன். பஸ்ஸுல எழுதியிருக்கிற ஊர்ப் பேரு தெரியாது. எம் பேத்தியையும் அப்படி ஆக்கப் போறீங்களா கண்ணு?" என்று கேட்டார். இதற்கு உடனே சொல்ல எங்களிடம் பதில் இல்லை. நாலு வருஷமாக நாங்கள் செய்வதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். வீட்டுக்கல்வி பற்றிப் பேசுகிற பலர் தாங்கள் நன்றாகப் படித்து முடித்தவர்கள். பள்ளி மறுக்கப்பட்ட தலைமுறை ஒன்று வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும்போது பேச்சு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

பஞ்சகவ்யா தெளிக்கும் நாள். 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குத்தான் மூன்று சதவீதம் என்று பெயர் என்பதைப் பெரியவள் அங்கேதான் புரிந்துகொண்டாள். அடுத்த நாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 16 லிட்டர் டேங்க் இரவல் வந்தது. "இதுக்கு எவ்வளவு ஊத்தணும்?" நான் சொல்லவில்லை. தரையில் குச்சியால் எழுதிப் பார்த்து 480 மில்லி என்றாள். பிறகு அவளே, "அரை டேங்க்தான் அடிக்கணும்னா?" என்று அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள்.

மழைக் கணக்கு இதைவிட ருசியானது. பக்கம் செங்குத்தாக, அடி தட்டையாக இருக்கும் ஒரு டப்பாவை, மரமோ கூரையோ மறைக்காத வெட்டவெளியில் ஆடாமல் வைத்தோம். மழை நின்றதும் உள்ளே ஸ்கேலை விட்டு அளக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரு நாள் 12 மில்லிமீட்டர் பெய்தது. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பெருக்கினார்கள். மூன்றரை ஏக்கருக்கு ஏறக்குறைய 1,70,000 லிட்டர்! 12,000 லிட்டர் லாரி என்றால் 14 லாரித் தண்ணீர். "அதுல எவ்வளவு உள்ள போச்சு, எவ்வளவு ஓடிருச்சு?" என்று சின்னவன் கேட்டான். மூடாக்கு போட்ட வாழைக்கும் வெறும் வரப்புக்கும் மண்வெட்டியோடு ஓடினோம். ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று தோண்டிப் பார்த்தோம். மூடாக்கு பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு சொல்லவில்லை.

அவரையில் அசுவினி வந்தபோது இன்னொன்று நடந்தது. கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு கொழுந்தில் ஊர்ந்தது. சின்னவன் நசுக்கப் போனான். "நசுக்கு, வேண்டாங்கல. அது என்ன சாப்பிடுதுன்னு பார்த்துட்டு நசுக்கு" என்றேன். அசுவினி உள்ள கொழுந்தோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டினான். தினமும் புதுக் கொழுந்து வைப்பதும், போட்டது எத்தனை, மிச்சம் எத்தனை என்று எண்ணி எழுதுவதும் அவன் வேலை. பத்து நாளுக்குள் புழு கூட்டுப்புழுவாகி, அதிலிருந்து பொறிவண்டு வந்தது. அதோடு முடியவில்லை. செடியில் எறும்புகள் ஏன் பொறிவண்டை விரட்டுகின்றன என்று கேட்டான். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கிறது என்பதை நூலகத்துப் புத்தகத்தில் தேடிப் படித்தோம். அவன் தமிழ் வாசிப்பு வேகம் பிடித்தது அந்த மாதம்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். களை பறிப்பதில் பாடம் இருக்கிறது. கோரை எது, அருகு எது, எதை வேரோடு எடுக்கணும், எது மண்ணுக்கு நல்லது. அந்தப் பாடம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் மூன்று மணி நேரம் பிள்ளை குனிந்து பறித்தால் அது கல்வி இல்லை, நமக்குக் கூலி மிச்சம். ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இந்த ஆசை எல்லோருக்கும் வரும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு. பிள்ளைக்குக் கேள்வி இருக்கும் வரைதான் அது பாடம். கேள்வி முடிந்தால் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போகலாம். பெண் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் அடுப்படிக்கும் இதே கட்டுப்பாட்டை வைக்க வேண்டும். இல்லையென்றால் தம்பி பூச்சி பார்ப்பான், அக்கா பாத்திரம் கழுவுவாள்.

தோட்டம் கற்றுத் தராததும் நிறைய. ஆங்கிலம், வரலாறு, பிழையில்லாமல் எழுதுவது, இயற்கணிதம் எல்லாம் வரப்பில் முளைக்காது. அதற்குத் தினமும் காலை இரண்டு மணி நேரம் நானோ அவர் அப்பாவோ புத்தகத்தோடு உட்கார்கிறோம். அறுவடை நாளிலும் அப்படித்தான். அரசு பாடநூல்களையே வாங்கி வைத்திருக்கிறோம், நன்றாகத்தான் இருக்கின்றன. ஒரு பெரியவரின் இந்த இரண்டு மணி நேரத்தை ஒதுக்க முடியாத குடும்பம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். விளையாட்டுக்கு, பள்ளி விட்டு வரும் ஊர்ப் பிள்ளைகள் சாயங்காலம் எங்கள் களத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

சட்டம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் சொல்லப்படவில்லை. வீட்டுக்கல்வி என்று தனியாக ஏதும் பேசவும் இல்லை. இன்னொரு பிரிவு நமக்கு உதவுவது: இடையில் நின்ற பிள்ளை திரும்ப வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே கதவு மூடிவிடுவதில்லை. பிள்ளை "நான் பள்ளிக்கூடம் போறேன்" என்று சொல்லும் நாளில் அனுப்பிவிடுங்கள்.

தேர்வுக்கு இரண்டு வழி. தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர் எழுதலாம். இன்னொன்று தேசிய திறந்தநிலைப் பள்ளி. அதில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடம் தேற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை, பதிவு ஐந்து வருஷம் செல்லும். பிள்ளை பின்னால் சேர விரும்பும் படிப்புக்கு எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று முதலிலேயே அந்தந்த இடத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே இதில் பாதியைச் செய்யலாம். மழை டப்பாவுக்கும் பூச்சிப் பாட்டிலுக்கும் ஞாயிற்றுக்கிழமை போதும்.

பெரியவள் அடுத்த எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதத் தயாராகிறாள். அது அவள் அப்பத்தா வைத்த நிபந்தனை. சமூக அறிவியல்தான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது.