ஆண்மரமும் பெண்மரமும்

மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறுவோர், வேம்பும் புளியும் கருவேலமும் நிற்கும் சமவெளியைக் கடந்து, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலை அடைகின்றனர். சில மணி நேரப் பயணந்தான். எனினும் தாவர உலகமே மாறிவிடுகிறது. சமவெளியில் தானாக வளராத ஐலெக்ஸ் மரம், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், பழனிமலைச் சோலைக்காடுகளின் குளிரிலும் மூடுபனியிலும் தழைத்து நிற்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஐலெக்ஸ் சிற்றினங்களுள் ஒன்று ஐலெக்ஸ் வைட்டியானா. சென்னை மாகாணத் தாவரங்களை ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் ராபர்ட் வைட்டின் பெயரை அது தாங்கியுள்ளது. ஐலெக்ஸ் டென்டிகுலேட்டா என்பதோ இலை விளிம்பில் சிறு பற்களை உடையது. கிறித்துமசு அலங்காரத்தில் இடம்பெறும் ஐரோப்பிய ஹாலியும், தென்னமெரிக்கர் தேநீர்போல் அருந்தும் மாட்டேயும் இதே பேரினத்தைச் சேர்ந்தவையே. 500-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருந்தும், அக்விஃபோலியேசி குடும்பத்தில் இன்று வாழும் பேரினம் இஃதொன்றே. முன்னர்ச் செலாஸ்ட்ரேலிஸ் வரிசையில் வைக்கப்பட்டிருந்த இக்குடும்பத்தை, டி.என்.ஏ. ஒப்பீட்டிற்குப்பின் அக்விஃபோலியேலிஸ் வரிசைக்கு மாற்றினர். உருவத்தை மட்டும் நம்பி உறவு கூறுதல் எளிதன்று.

ஐலெக்ஸில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு மரங்களில் பூக்கின்றன. பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டுசேர்த்த பின்னரே பெண்மரத்தில் விதையுள்ள கனிகள் சிவக்கும். அவற்றை உண்ணும் பறவைகள் விதைகளைப் பரப்பும். வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்களுக்கிடையே சோலைகள் இன்று துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அருகில் ஆண்மரம் இல்லாத சிறு சோலையில் பெண்மரம் பூக்கும். விதை உண்டாவது அரிது. அம்மரம் முதிர்ந்து வீழும்போது, அவ்விடத்தில் எழுவதற்கு அதன் கன்று இராது.