பட்டத்துக்குக் கடன் உண்டு, பட்டறைக்கு?

புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கையை நடத்தும் சென்டாக் பட்டியல் வெளியாகும் நாட்களில், வேலை கொடுக்க வருகிறவர்களைவிட யோசனை கேட்க வருகிறவர்கள்தான் என் பட்டறையில் அதிகம். உழவர்கரை நகராட்சியில், மேட்டுப்பாளையம் பிப்டிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் நடத்துகிறேன். இரண்டு சி.என்.சி. லேத், ஒரு மில்லிங், ஒரு பழைய சென்டர் லேத், ஒன்பது பேர். பம்பு, வால்வு செய்கிற கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச் கடைந்து கொடுக்கிறோம். இயந்திரத்தோடு பிழைக்கிறவன் என்பதால் இன்ஜினியரிங் படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்திருக்கும் என்று அக்கம்பக்கத்தில் நம்புகிறார்கள்.

கதிர்காமத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். "அண்ணே, பையனுக்கு மெக்கானிக்கல் கெடச்சிருக்கு. பேங்க்ல நாலு லட்சம் லோன் தர்றேன்றாங்க. போடலாமா?" அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது என் சி.என்.சி. லேத்தில் ஒன்று ஓட்ட ஆளில்லாமல் துணி போர்த்தி நின்றது. பையனுக்கு மெக்கானிக்கல் படிக்க நாலு லட்சம் கடன் வேண்டியிருக்கிறது. எனக்கோ மெக்கானிக்கல் வேலை தெரிந்த ஒருவர் வேண்டியிருக்கிறது. இரண்டு தேவையும் ஒரே ஊரில், இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தும் சந்திக்காமல் போகின்றன.

புதுச்சேரியில் படிப்புக்குப் பஞ்சமில்லை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இங்கே உயர்கல்வியில் சேர்ந்திருப்பவர்கள் 61.5 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. வெளியூர்ப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வருகிறார்கள் என்றாலும் பெரிய எண்தான். லாஸ்பேட்டையில் தாகூர் கலைக் கல்லூரி, மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக், கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி என்று எங்கள் பக்கம் எங்கு திரும்பினாலும் கல்லூரிதான். அரசு ஐ.டி.ஐ. எங்கள் மேட்டுப்பாளையத்திலேயே இருக்கிறது. நான் அந்த லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவன். குறைந்த செலவில் அரசு கொடுத்த படிப்பு இன்றைக்கு ஒன்பது குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. கல்விக்குப் பொதுப்பணம் செலவாவதை யாராவது வீண் என்றால் எனக்குக் கோபம் வரும்.

அந்த அம்மாவிடம் கடன் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதுக்கு நாலு, மூன்றாவதுக்கு மூன்று, கடைசி லட்சத்துக்கு இரண்டு. மொத்தம் 1,40,000 ரூபாய். கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகியிருக்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய் போக வேண்டும். பையனுக்கு முதல் வேலையில் 15,000 சம்பளம் என்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தவணைக்கே போய்விடும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்கும்வரை ஓடும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அது கிடைத்தால் கடன் நாலு லட்சத்திலேயே நிற்கும், தவணையும் 5,300க்கு இறங்கும். பத்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் மிச்சம். ஆனால் கல்லூரிக்கு 'நாக்' தரச்சான்றோ, அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் இதை யாரும் கேட்பதில்லை. உழவர்கரை தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, கல்லூரியில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அப்புறம் பேங்குக்குப் போகச் சொன்னேன். ஏழரை லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. அதனால் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டிய தேவை இல்லை என்றும் சொன்னேன். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இதைவிடத் தாராளமானது. ஆனால் அது தரவரிசையில் முன்னே நிற்கும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்.

ஆஸ்திரேலியாவில் 1989-ல் வேறு வழி பிடித்தார்கள். மாணவனின் கட்டணத்தை முதலில் அரசு ஏற்கிறது. அவன் வேலைக்குப் போய் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே வருமான வரியோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். வேலை இல்லாத வருடத்தில் பிடித்தம் இல்லை. நம் ஊரில் வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் குறித்த மாதத்தில் தவணை தொடங்கிவிடும். பட்டத்துக்கு வேலை இல்லாமல் போனால் அந்தச் சுமை முழுவதும் ஒரு குடும்பத்தின் தலையில் விழுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி பட்டறைப் பக்கம் வருகிறேன்.

போன வருடம் மெக்கானிக்கல் முடித்த ஒரு பையன் என்னிடம் சேர்ந்தான். நல்ல பையன், புத்திசாலி. அவனுக்குக் கொடுத்த முதல் வேலை 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ஷாஃப்ட். டிராயிங்கில் எச்7 என்று போட்டிருந்தது. அதாவது 25-க்கு மேல் ஒரு மைக்ரான்கூடப் போகக் கூடாது, கீழே 21 மைக்ரான் வரை போகலாம். நம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி அது. எச்7 என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறான். லேத்திலிருந்து முதல் பீஸ் வந்ததும் மைக்ரோமீட்டரை எடுத்தான். 25.004 காட்டியது. உடனே புரோகிராமில் வெட்டும் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டைக் குறைக்கப் போனான்.

எங்கள் மூத்த டர்னர் கையைப் பிடித்து நிறுத்தினார். "சூடா இருக்கு தம்பி. ஆறட்டும், அப்புறம் அள." கடைசல் சூட்டில் இரும்பு விரிந்திருக்கும். இருபது டிகிரி சூடு கூடினால் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஆறு மைக்ரான் பெருத்துக் காட்டும். ஆறிய பிறகு அளந்தால் 24.998, சரியான பீஸ். அவசரப்பட்டு ஆஃப்செட்டைக் குறைத்திருந்தால் அளவு கீழ்வரம்புப் பக்கம் நகர்ந்திருக்கும். அடுத்து, அவன் மைக்ரோமீட்டரைத் திருகிய விதம். ராட்செட்டைப் பிடிக்காமல் திம்பிளைப் பிடித்து இறுக்கினான். அழுத்தம் கூடினால் அளவு குறைத்துக் காட்டும். அப்புறம் இன்சர்ட், அதாவது இரும்பைச் சீவும் வெட்டுமுனை. முனை தேயத் தேய விட்டம் மெல்லக் கூடிக்கொண்டே போகும். எத்தனை பீஸுக்கு ஒருமுறை எவ்வளவு திருத்துவது என்பது மெட்டீரியலைப் பொறுத்தது, குளிர்விக்கும் எண்ணெயைப் பொறுத்தது. முனை மழுங்கியதை எங்கள் டர்னர் அளப்பதற்கு முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

இதெல்லாம் அந்தப் பையனுக்குப் பிடிபட எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவனுக்குச் சம்பளம் கொடுத்தேன். கெட்டுப்போன பீஸ், உடைந்த இன்சர்ட், மூத்தவர் தன் வேலையை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் நின்ற நேரம், எல்லாம் என் செலவு. கல்லூரியில் ஒரு மாணவனுக்கு ஆகும் செலவுக்குக் கடன் உண்டு, வட்டி மானியம் உண்டு, பெருந்தலைவர் காமராஜர் பெயரில் அரசு நிதியுதவி உண்டு. வேலை உண்மையில் கற்கப்படும் அந்த எட்டு மாதத்தைப் படிப்பு என்றே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒன்பதாவது மாதம் அவன் ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். மாதம் நாலாயிரம் கூடுதல். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நானே போகச் சொல்லியிருப்பேன். கடன் தவணை இருக்கிறது, தங்கை இருக்கிறாள். ஆனால் இப்படி இரண்டு மூன்று பேர் போன பிறகு ஒரு சின்ன முதலாளி என்ன முடிவுக்கு வருவான்? கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, கற்றவனைத் தேடுவான். பக்கத்துப் பட்டறைக்காரரும் அதையே செய்வார். எல்லாரும் அனுபவம் உள்ள ஆளைத் தேடுகிறோம், அனுபவம் கொடுக்க ஆளில்லை. திறன் பற்றாக்குறை என்று செய்தித்தாளில் எழுதுகிறார்களே, அதில் பெரும்பங்கு இப்படித்தான் உண்டாகிறது.

ஒரு காலத்தில் புதுச்சேரியின் துணி மில்கள் இந்தக் கற்றுக்கொடுக்கும் வேலையைச் செய்தன. என் அப்பா ஒரு மில்லின் பராமரிப்புப் பிரிவில் பதினாறு வயதில் சேர்ந்து ஃபிட்டர் ஆனவர். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்த இடத்தில் நாலு பையன்கள் கூடமாட நின்று கற்றுக்கொள்வது யாருக்கும் பாரமாக இல்லை. 1898-ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020-ல் மூடப்பட்டது. வரிச்சலுகைக்காகப் புதுச்சேரிக்கு வந்த தொழிற்சாலைகளில் பலவும் சலுகை முடிந்ததும் கிளம்பிவிட்டன. மிஞ்சியிருக்கும் எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்குத் தனியாக ஒரு பையனை வளர்த்தெடுக்கும் தெம்பு இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். நாலு முதல் இருபத்தொன்பது பேர் உள்ள இடங்களுக்கு விருப்பம்தான். 2019 விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 உதவித்தொகை என்று வைத்தார்கள். 2016-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் உதவித்தொகையில் கால்பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசு தருகிறது. பட்டதாரி, டிப்ளமோ பழகுநர்களுக்கான தனித் திட்டத்தில் சட்டப்படியான தொகையில் பாதி வரை கிடைக்கும். அந்த விண்ணப்பங்களைப் பார்ப்பது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம், புதுச்சேரியும் அதற்குள்தான் வருகிறது. கல்லூரி முடித்துச் சும்மா இருக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்த வாரியத்தின் பெயரே தெரியாது.

2025 மே மாதம் ஐ.டி.ஐ.களை மேம்படுத்த 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் புதிய இயந்திரங்களை இறக்கினார்கள். வரவேற்கிறேன். ஆனால் ஐ.டி.ஐ.யில் கெட்டுப்போகும் பீஸுக்கு வாடிக்கையாளர் கிடையாது. நாளை மாலைக்குள் இருநூறு ஷாஃப்ட் போயாக வேண்டும் என்ற நெருக்கடி உள்ள இடத்தில்தான் வேலை முழுதாகப் பிடிபடும். ஜெர்மனியில் இதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள். மூன்று, மூன்றரை வருடப் பயிற்சியில் வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மற்ற நாள் கம்பெனி, கம்பெனியே ஊதியம் தரும். தேர்வை அந்த வட்டாரத்துத் தொழில் வர்த்தக சபை நடத்துகிறது. பிரிட்டன் 2017-ல் பெரிய கம்பெனிகளின் சம்பளப் பட்டியலில் அரை சதவீதத்தை வரியாகப் பிடித்து, அப்ரண்டிஸ் பயிற்சிக்கென்றே ஒதுக்கியது. பயிற்றுவிக்காமல் ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளும் பெரிய கம்பெனியும் அங்கே பங்கு கொடுத்தாக வேண்டும்.

எங்கள் தொழிற்பேட்டைக்கு ஏற்ற ஒரு வழி நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பல முதலாளிகள் ஒன்று சேர்ந்து, பழகுநர்களைத் தங்கள் இடங்களுக்குள் மாற்றி மாற்றி அனுப்பிப் பயிற்சி கொடுக்கலாம் என்று தொழிற்பழகுநர் சட்டத்தின் எட்டாவது பிரிவு அனுமதிக்கிறது. என்னிடம் சி.என்.சி. இருக்கிறது. அடுத்த தெருவில் கிரைண்டிங் ஷாப், அதற்கப்பால் வெல்டிங், ஹீட் ட்ரீட்மென்ட். ஆளுக்கு மூன்று மாதம் என்று வைத்தால் ஒரு பையன் ஒரு வருடத்தில் நாலு வேலையைக் கண்ணால் பார்த்துக் கையால் செய்திருப்பான். செலவும் நாலாகப் பிரியும். அவன் பிறகு ஒரகடம் போனாலும் ஒருத்தன் தலையில் நஷ்டம் விழாது, ஒருவேளை நாலு பேரில் ஒருவரிடமே தங்கிவிடவும் கூடும்.

மூன்று பட்டறைக்காரர்களிடம் பேசிவிட்டேன், இருவர் சரி என்றிருக்கிறார்கள். மூன்றாமவர் கேட்பது நியாயமான கேள்வி: கெட்டுப்போகும் மெட்டீரியலுக்கு யார் பணம் கொடுப்பது? கல்லூரி இடத்துக்கு நிதியுதவி கொடுக்கும் புதுச்சேரி அரசு, ஒரு பழகுநருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு மூலப்பொருள் மானியமும் கொடுக்கலாம். அதைத்தான் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். மேட்டுப்பாளையம் ஐ.டி.ஐ.யில் அடுத்த தொகுப்புப் பிள்ளைகள் தேர்வு எழுதி வெளியே வருவதற்குள் அதைத் தொழில்துறையிடம் கொடுத்துவிட வேண்டும்.