நாணயத்தை நீரில் நிறுப்போம்

தாத்தா சேர்த்து வைத்துவிட்டுப் போன பழைய ரூபாய் நாணயங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. பாட்டி அவற்றை விற்க விரும்புகிறார். வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை கேட்கிறார். இப்படி ஒரு நிலை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வந்தால் நீங்கள் உதவ முடியுமா? முடியும். பள்ளியில் படித்த இயற்பியலே போதும்.

முதலில், நாணயங்களைப் புளியோ சாம்பலோ போட்டுத் துலக்காதீர்கள். வெள்ளியின் மேல் படிந்துள்ள கறுப்பு வெறும் அழுக்கன்று. வெள்ளி கந்தகச் சேர்மங்களுடன் வினைபுரிந்து உண்டான வெள்ளி சல்ஃபைடு. அதைத் தேய்த்தால் நாணயத்தின் நுண்ணிய கோடுகளும் தேய்ந்து போகும். சேகரிப்பவர்கள் அத்தகைய நாணயத்துக்கு விலையைக் குறைத்து விடுவார்கள்.

அடுத்து, ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். 1835 முதல் 1939 வரை வெளியான ஒரு ரூபாய் நாணயத்தின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் 12இல் 11 பங்கு வெள்ளி, மீதி செம்பு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940இல், வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டின் ரூபாயில் வெள்ளியே இல்லை; அது நிக்கல். காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் நிக்கல் நாணயம் ஒட்டிக்கொள்ளும்; வெள்ளி நாணயம் ஒட்டாது.

ஆண்டு தேய்ந்துபோன நாணயத்தை என்ன செய்வது? இங்கேதான் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் கைகொடுக்கிறது. நாணயத்தை முதலில் காற்றில் நிறுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, ஆய்வகத் தராசின் கொக்கியில் தொங்கவிட்டு, முகவையிலுள்ள நீரில் முழுவதும் மூழ்கியிருக்கும்படி நிறுங்கள். நாணயம் முகவையைத் தொடக் கூடாது. காற்றுக் குமிழிகள் ஒட்டியிருக்கவும் கூடாது. காற்றில் உள்ள எடையை எடை இழப்பால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும்.

ஒரு நாணயம் காற்றில் 11.40 கிராம், நீரில் 10.30 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இழப்பு 1.10 கிராம்; ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.4. இது பழைய வெள்ளி ரூபாய். மற்றொன்று 11.66 கிராம், நீரில் 10.44 கிராம், ஒப்படர்த்தி ஏறத்தாழ 9.6. இது பாதி வெள்ளி. செம்புக்கு இந்த எண் ஏறத்தாழ 9.0. நாணயம் தேய்ந்தால் எடை குறையும், அடர்த்தி மாறாது. இதுவே இம்முறையின் சிறப்பு.

முதல் நாணயத்தில் சுமார் 10.45 கிராம் வெள்ளி உள்ளது, இரண்டாவதில் 5.83 கிராம்தான். இரண்டுக்கும் ஒரே விலை நியாயமா? அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே விற்க வேண்டியதில்லை.

ஆனால் தராசு உலோகத்தை மட்டுமே சொல்லும். அரிய நாணயமா என்று சொல்லாது. 1939ஆம் ஆண்டின் வெள்ளி ரூபாய் அரியது. அதனாலேயே 1938 நாணயத்தின் 8ஐ 9ஆகத் திருத்திய போலிகளும் உண்டு. உலோகம் ஒன்றே என்பதால் தராசு ஏமாந்துவிடும். உருப்பெருக்கியால் அந்த எண்ணைப் பாருங்கள். ஆண்டு, எடை, ஒப்படர்த்தி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. வெள்ளிபோல் மின்னும் ஒரு நாணயம் காற்றில் 11.50 கிராம், நீரில் 10.20 கிராம். காந்தத்தில் ஒட்டவில்லை. பாட்டிக்கு என்ன சொல்வீர்கள்?