கைகுலுக்கலில் தொடங்கிய வைத்தியம்

மருத்துவமனை மனிதர்கள் – 7

செங்கல்பட்டு, 1947. லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தின் வளாகத்தை இரண்டு டாக்டர்கள் சுற்றி வருகிறார்கள். ஒருவர், ராபர்ட் காக்ரேன். தோல் மருத்துவர். தொழுநோய் என்றால் அன்றைக்கு உலகமே அவர் பேச்சைக் கேட்கும். இன்னொருவர், பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி. மாணவர்களுக்கு அறுவை சிகிச்சை கற்றுக்கொடுக்க லண்டனிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன.

காக்ரேன் தேமலையும் தடிப்பையும் காட்டி விளக்கிக்கொண்டே நடக்கிறார். பிராண்டின் பார்வையோ நோயாளிகளின் கைகளை விட்டு நகரவில்லை. வணக்கம் சொல்லக் குவிந்த கைகளில் பல மடங்கி இறுகிப்போயிருந்தன. சில கைகளில் விரல்களே இல்லை. இது ஏன், எப்படி நேர்கிறது என்று கேட்டார். கையைப் பற்றித் தனக்குத் தெரியாது, அது எலும்பு, தசை வைத்தியம் பார்ப்பவர்களின் வேலை என்றார் காக்ரேன். அவர்களில் யாராவது இதை ஆராய்ந்திருக்கிறார்களா? அவருக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை.

வழியோரம் ஓர் இளைஞர் உட்கார்ந்து செருப்பு மாட்டப் போராடிக்கொண்டிருந்தார். கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே வாரை இடுக்கி இழுக்கிறார், அது நழுவுகிறது. மறுபடி இடுக்குகிறார், மறுபடியும் நழுவுகிறது. பிராண்ட் அருகில் போய்த் தன் கையை அந்த மடங்கிய விரல்களுக்குள் நுழைத்து, பலம் கொண்ட மட்டும் அழுத்தச் சொன்னார். அழுத்தினார் இளைஞர். வலியில் பிராண்ட் கத்தியேவிட்டார்.

அந்த வலியில் ஒரு செய்தி இருந்தது. செத்துப்போன கை என்று எல்லோரும் கைகழுவிய கையில் இவ்வளவு பலம் இருக்கிறதென்றால், அதை இயக்கும் தசைகளில் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது. செயலிழந்தவை சில தசைகள் மட்டுமே. அப்படியென்றால் இந்தக் கையைத் திருப்பிக் கொண்டுவர வழி இருக்க வேண்டும்.

சென்ற வாரம் பார்த்த டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் வைத்தியசாலை, பிராண்ட் வந்தபோது பெரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. பிராண்ட் இந்த மண்ணில் பிறந்தவர். பெற்றோர் கொல்லிமலையில் பணியாற்றிய ஆங்கிலேய மிஷனரிகள். 1914-ல் அவர் பிறந்ததும் அங்கேதான். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து போனார். பள்ளி முடிந்ததும் அவர் கற்றது மருத்துவம் அல்ல. கொத்து வேலை, தச்சு வேலை. உளி பிடித்துப் பழகிய பிறகே கத்தி பிடித்தார்.

கொல்லிமலைச் சிறுவயதில் அவர் மறக்காத காட்சி ஒன்று உண்டு. தொழுநோய் வந்தவர்கள் சிலர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அப்பா பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு புண்களுக்குக் கட்டுப் போட்டார். அம்மா கூடையில் பழம் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் கிளம்பிப் போனதும் அந்தக் கூடையை எரித்தார்கள். மலையில் எந்த நோயாளிக்கும் தயங்காமல் ஓடியவர்கள் அவர்கள். அவர்களுக்கே இந்த நோயிடம் அவ்வளவு பயம்! மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊர் ஒதுக்கியது, வீடு வெளியேற்றியது, மருத்துவமனைகளின் பொது வார்டுகள் கதவைச் சாத்தின.

இந்தச் சூழலில்தான் அந்தச் சம்பவம். சிகிச்சைக்கு வந்த ஓர் இளைஞரின் தோளில் கை வைத்தபடி, இனி என்னென்ன செய்யப்போகிறோம் என்று பிராண்ட் விளக்கிக்கொண்டிருந்தார். உதவியாளர் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும், இளைஞர் குலுங்கி அழ ஆரம்பித்தார். தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பதறிய பிராண்ட், உதவியாளரிடம் கேட்டார். சொன்னதில் தப்பில்லை. தோளில் கை வைத்ததுதான் காரணம். பல வருடங்களாக அந்த இளைஞரை யாரும் தொட்டதே இல்லை.

மருந்து அப்போது வந்துவிட்டிருந்தது. 1940-களில் டாப்சோன் மாத்திரை கிருமியை அடக்கத் தொடங்கியது. ஆனால் கிருமி போன பிறகும் கை திரும்பவில்லை. பிராண்டும் சகாக்களும் செங்கல்பட்டு நோயாளிகளின் கைகளை ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு தசையாகச் சோதித்து எழுதிவைத்தார்கள். ஓர் ஒழுங்கு தெரிந்தது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ச்சியான இடம் பிடிக்கும். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், முகம் என்று தோலுக்கு ஒட்டி நரம்பு ஓடும் இடங்களில்தான் அது நரம்பைத் தாக்குகிறது. முன்கையில் ஆழத்தில் இருக்கும் பல தசைகள் தப்பிவிடுகின்றன. தப்பிய தசையின் தசைநாண் ஒன்றை இடம் மாற்றி, மடங்கிய விரலோடு இணைத்தால்? போலியோ பாதித்த கைகளுக்குச் செய்துவந்த அறுவை சிகிச்சைதான். தொழுநோய்க் கைகளுக்கு அதை வேலூர்க் குழு முறையாகச் செய்து காட்டியது. விரல்கள் நிமிர்ந்தன. இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஆரம்பத்தில் கை சரியாகி வீட்டுக்குப் போன ஒருவர் கொஞ்ச நாளில் வாடிப்போய்த் திரும்பி வந்தார். முடங்கிய கையை நீட்டியபோது பிச்சையாவது விழுந்தது. நல்ல கையைப் பார்த்து யாரும் போடவில்லை. தொழுநோயாளி என்று தெரிந்ததால் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை. டாக்டர் கொடுத்த கை பிச்சையெடுக்கக்கூட உதவாத கையாகிவிட்டது என்று அவர் முறையிட்டார்.

அறுவை சிகிச்சை வெற்றி, மற்றதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அனுப்பியிருக்கலாம். பிராண்டோ அவருடைய முறையீட்டை மனதில் போட்டுக்கொண்டார். 1951-ல் கல்லூரி வளாகத்திலேயே ‘நவ ஜீவ நிலையம்’ உருவானது. குடிசை வீடுகள், நடுவே ஒரு பட்டறை. கை சரியான இளைஞர்கள் அங்கேயே தங்கி மரப்பொம்மை செய்யவும் தச்சு வேலை பழகவும் தொடங்கினார்கள். டாக்டரின் பழைய தச்சு அனுபவம் இங்கே கைகொடுத்தது.

பட்டறையில்தான் அடுத்த புதிர். காலையில் நன்றாக இருந்த கை மாலையில் கிழிந்து, கொப்பளித்து வந்து நின்றது. தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் தானாக விழும் என்பதே அன்றைய நம்பிக்கை; டாக்டர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிராண்ட் நம்பவில்லை. ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் அவரே அதைக் கண்ணால் பார்த்தார். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் அவர் திணற, மெலிந்த நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அந்த மெலிந்த கைக்கு எங்கிருந்து வந்தது இந்த வலு? தரையில் ரத்தச் சொட்டு. சாவி அவன் விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை. வலி தெரிந்திருந்தால் பாதித் திருப்பிலேயே விட்டிருப்பான். அழுகியதால் விரல் போகவில்லை. வலி என்ற காவல் இல்லாததால் போகிறது.

இப்படியே ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியதில் வந்த கொப்புளம். பிடி சரியில்லாத சுத்தியலைப் பலமணி நேரம் இறுக்கியதில் வந்த புண். ஒரு காயம் மட்டும் பிடிபடவில்லை. இரவு படுக்கப் போகும்போது இருந்த விரல் நுனி, விடியும்போது இல்லை. கடைசியில் ராத்திரி கண் விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி! உணர்ச்சி இல்லாத விரலை எலி கடித்துத் தின்றது. தூங்குகிறவர் அசையக்கூட இல்லை.

அதற்கான மருந்து எந்த மருத்துவப் புத்தகத்திலும் கிடையாது. பூனை வளர்த்தார்கள். சிகிச்சை முடிந்து ஊருக்குப் போகிறவர்களோடு பூனையையும் சேர்த்து அனுப்பினார்கள்.

மருத்துவமனையில் அன்பு என்றால் இனிய பேச்சு, சிரித்த முகம் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அவையும் வேண்டும்தான். வேலூரில் நடந்தது அதற்கும் மேலே. நோயாளி செருப்பை எப்படி மாட்டுகிறார், ராத்திரி எங்கே படுக்கிறார், எதை வைத்துச் சமைக்கிறார் என்று ஒருவர் மெனக்கெட்டுப் பார்த்ததுதான் அங்கே மருத்துவத்தையே நகர்த்தியது. கவனித்துப் பார்ப்பதை வைத்தியத்துக்கு முந்திய மரியாதையாக அவர்கள் நினைக்கவில்லை. அதுவே வைத்தியம் என்று நம்பினார்கள்.

பாதத்தின் கதையும் இதேதான். ஆறாத உள்ளங்கால் புண்களுக்கு அவர்கள் தேடிய மருந்து களிம்பு அல்ல, ஓய்வு. புண்ணை நன்றாகச் சுத்தம் செய்து, பாதத்தோடு ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டார்கள். நடக்கும்போது விழும் பாரம் பாதம் முழுக்கப் பரவிவிடுவதால் புண் ஆறியது. இந்த முறைக்கு முன்னோடி, இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால். புண் ஆறிய காலுக்கு அடுத்தது செருப்பு. மிருதுவான நுண்துளை ரப்பர் வைத்த செருப்புகள் வந்தன. நீரிழிவுக்காரர்களுக்கு டாக்டர்கள் இன்று எழுதித்தரும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ அந்த வகைதான்.

பிராண்டின் மனைவி மார்கரெட்டும் டாக்டர். அவர் கண்களைக் கையில் எடுத்துக்கொண்டார். முக நரம்பு செத்தால் இமை மூடாது. இமைக்காத கண் வறண்டு, புண்ணாகி, பார்வை போய்விடும். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைக்கும் அறுவை சிகிச்சை இருந்தது. அதைச் செய்துகொண்டவர், கண் இமைக்க வேண்டுமென்றால் பல்லைக் கடிக்க வேண்டும். வாயை மென்றுகொண்டே இருந்தால் கண் ஈரமாகவே இருக்கும். புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைமுடியோடு கூடிய தோலை நெற்றிக்கு நகர்த்திப் புருவம் அமைத்தார்கள். தலைமுடி ஆயிற்றே, அது வளர்ந்துகொண்டே இருக்கும். அடிக்கடி கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்காமல் நீளமாகவே விட்டுக்கொண்டார்கள். புருவம் இல்லாததால்தான் ஊர் அவர்களைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு விரட்டியது. அவர்களுக்கு அந்த முடி எவ்வளவு பெருமை!

அதே மருத்துவமனையில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் இருந்தார். 1954-ல் நடந்த கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இனி என்ன என்று அவர் கலங்கிக் கிடந்தபோது, கையில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே என்று பிராண்ட் வழி காட்டினார். சக்கர நாற்காலியில் வந்து மேரி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நடக்க முடியாத டாக்டர் தங்களுக்காக உழைப்பதைப் பார்த்த நோயாளிகளுக்கு வேறு ஆறுதல் வார்த்தை தேவைப்படவில்லை. பிறகு வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. சர்க்கரை நோயாளிகளின் காலில் தொடங்கி, காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோன புண்களும், வேலூரில் பார்த்த புண்களும் ஒன்றே. இரண்டிலும் குற்றவாளி, உணர்ச்சி இழந்த பாதம். நோயாளியின் சாக்ஸைக் கழற்றி, பாதத்தைத் தன் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறதோ, அங்கே புண் வரப்போகிறது என்று பொருள். தோல் உடைவதற்கு முன்பே கை சொல்லிவிடும்.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். உதவியோடு நடந்த ஆய்வு 2023-ல் கணக்குச் சொன்னது. இன்று நல்ல பாத சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் வளையும் அளவுக்கு அழுத்துவார்கள். தெரிகிறதா, எந்த இடத்தில் என்று கேட்பார்கள். அந்த இழை 10 கிராம் விசை தரும். அதை உணர முடியாத பாதத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்ற அளவுகோலை வகுத்துக் கொடுத்தது கார்வில்தான். பிறகு செருப்பைக் கழற்றி வாங்கி, உள்ளே கல், ஆணி, தூக்கி நிற்கும் தையல் ஏதாவது இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவுவார்கள். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும். நம் ஊர் மருத்துவமனைகளில் சர்க்கரை அளவைக் காட்டும் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதி அனுப்புவது இன்னமும் நடக்கிறது. அப்படி அனுப்பினால், டாக்டர், காலையும் ஒரு தடவை பாருங்கள் என்று நோயாளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டும். கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

வேலூரில் தொழுநோயாளிகளோடு பழகிவந்த காலத்திலேயே பிராண்ட், ஒரு பயணத்தின் முடிவில் லண்டன் அறையொன்றில் சாக்ஸைக் கழற்றியபோது, தன் குதிகாலில் உணர்ச்சியே இல்லை என்பதைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. விடியும்வரை அவர் தூங்கவில்லை. அந்த இரவில் டாக்டர் நோயாளியான கதை, அடுத்த வாரம்.

(தொடரும்)