மார்கழியில் மல்லி பூக்கலையா? செடியைப் பிடுங்கிடாதீங்க... காரணம் இதுதான்!

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர், ஜவ்வாது மலை அடிவார ஊர். மார்கழியில் விடிகாலை பனி கொட்டும். மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். திடீர் மழையும் உண்டு. இந்த நேரத்தில் வீட்டுத் தோட்டத்து மல்லி மொட்டே விடாது. பட்டுப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க.

ஏன் பூப்பதில்லை?

மல்லி புதுத்துளிரில்தான் மொட்டு வைக்கும். குளிரில் துளிர் நின்று, செடி ஓய்வெடுக்கும். நடுவில் வெயில் ஏறினால் கொஞ்சம் துளிர்க்கும். பனி திரும்பினால் மறுபடி அடங்கிவிடும். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்க. உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கு.

என்ன செய்யலாம்?

மேல்மண் காய்ந்த பிறகு, காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்க. ஈரம் தேங்கினால் வேர் அழுகும். நவம்பர் கடைசி வாரம் கவாத்துக்கு ஏற்றது. தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டி, தொழுவுரம் போடலாம். மார்ச்சில் வெயில் ஏறினால் பூ தானாக வரும்.