பழைய சைக்கிள் வாங்கப் போறீங்களா? முதல்ல காலை அளந்து பாருங்க!

திருப்பூர்:
ஷிப்டுக்கு போய்வர பழைய சைக்கிள் வாங்கும் தொழிலாளர்கள் பலர் விலையையும், டயரையும் மட்டும்தான் பார்க்கிறார்கள். பிரேம் அளவை பார்ப்பதில்லை. உயரமான வண்டியில் சிக்னலில் கால் எட்டாமல் சாய்ந்து, பின்னால் பஸ் வந்தால் உயிருக்கே ஆபத்து.

டயரில் இருக்கும் 28 என்ற எண் பிரேம் அளவு அல்ல. பெடல் அச்சின் நடுவில் இருந்து சீட் குழாயின் மேல்நுனி வரை டேப் வைத்து அளக்க வேண்டும். பெரிய சைக்கிள்களில் 22, 24 இஞ்ச் பிரேம்களே அதிகம்.

செருப்பை கழற்றிவிட்டு சுவரோரம் நின்று, தொடை இடுக்கில் இருந்து தரை வரை அளந்து பாருங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் உங்களுக்கான பிரேம். கால் 33 இஞ்ச் என்றால் 22. 36 இருந்தால்தான் 24.

கணக்கு சரியாக வந்தாலும் ஏறி நின்று பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்து, பாருக்கு மேல் ஒரு இஞ்சாவது இடைவெளி இருக்கணும். இல்லாவிட்டால் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளே மேல். இதில் கூச்சம் எதுக்கு?

சின்ன பிரேமில் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் சீட் கம்பி இரண்டரை இஞ்சாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி வளைந்து ஆளை கவிழ்த்துவிடும்.

சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். பிரேமை மாற்ற முடியாது!