ஆமைக் கதை போனக்காட்டுக்கு எப்படி வர வேண்டும்?

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரா தாண்டி, அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. தேயிலைத் தோட்டம் நொடித்த பிறகும் தமிழ் வேர் கொண்ட தொழிலாளர் குடும்பங்கள் இங்குள்ள லயங்கள் எனும் வரிசை வீடுகளில் வாழ்கின்றன. சுற்றியுள்ள காட்டில் காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகள். வீட்டில் ஒரு பேச்சு, அங்கன்வாடியில் மலையாளம் என்று வளரும் மூன்று வயதுக் குழந்தைக்குக் கோபத்தை அடக்கவும் கூடி விளையாடவும் எப்படிச் சொல்லித்தருவது?

என்ன பாடம் இது?

தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரைப் புரிதல், உறவு பேணல், பொறுப்போடு முடிவெடுத்தல் ஆகிய ஐந்தும் சமூக-உணர்வுக் கற்றலின் திறன்கள். 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘கேசல்’ அமைப்பு இதைப் பரப்பியது. இந்தியாவில் 2022-இல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டச் சட்டகமும் 3 முதல் 8 வயது வரை இந்த வளர்ச்சியை வலியுறுத்துகிறது.

எதை மாற்றுவது?

அமெரிக்காவின் ‘பாத்ஸ்’ என்ற சமூக-உணர்வுக் கற்றல் திட்டத்தில் ஓர் ஆமை வரும். கோபம் வந்தால் குழந்தை ஆமைபோல் ஒடுங்கி, மூச்சை இழுத்துவிட்டு, என்ன பிரச்சினை, மனசு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆமை நமக்குப் புதிதல்ல. 126-ஆம் குறளில் புலனடக்கத்துக்கு அதுவே உவமை. சிக்கல் அடுத்த படியில்தான். “உங்கள் மேல் எனக்குக் கோபம்” என்று பெரியவரிடம் நேராகச் சொன்னால், நம் வீடுகள் பலவற்றில் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். கதையில் ஜான் என்ற பெயரை முருகன் என்று மாற்றினால் மட்டும் இது தீராது. பாட்டியிடமோ அக்காவிடமோ சொல்லி ஆற்றிக்கொள்ளும் வழியையும் பாடத்தில் சேர்க்க வேண்டும். தம்பியை இடுப்பில் சுமக்கும் அக்காவிடம் ஏற்கெனவே இருக்கும் பொறுப்பையும் பாடம் மதிக்க வேண்டும்.

யார் சொல்லித்தருவது?

வயநாட்டில் 2017-இல் தொடங்கிய ‘கோத்ரபந்து’ திட்டம் பழங்குடி இளைஞர்களையே பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்கள் ஆக்கியது. குழந்தை தன் பேச்சிலேயே பேச ஓர் ஆள் கிடைத்தார். அழுகிற குழந்தைக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் எது? போனக்காடு போன்ற ஊர்களின் அங்கன்வாடிகளுக்கும் தமிழும் காணிப் பேச்சும் தெரிந்த உதவியாளர்கள் வேண்டும்.

கூலியும் கூரையும் நிச்சயமில்லாத தாயிடம் பொறுமையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமல்ல. குழந்தையின் மன அமைதி அவளிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே, திட்டம் தீட்டுபவர்களே, பாடநூலை அச்சுக்கு அனுப்பும் முன் லயத்துத் தாய்மாரையும் காணிக்காரர்களின் தலைவரான மூட்டுக்காணியையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.